எறும்புக்குள் குடியிருப்பது யார்? கூட்டுயிர் பாக்டீரியாவை டிஎன்ஏ மூலம் தேடுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெளியில் பிடித்து வந்த எறும்பை அரைத்து, அதற்குள் எந்த பாக்டீரியா குடியிருக்கிறது என்று டிஎன்ஏவை வைத்துப் பார்க்கும் வேலை பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். செய்முறைத் திட்டத்துக்காகத் தொடங்கும் மாணவர்கள், எறும்பு வளர்ப்பவர்கள், சும்மா தெரிந்துகொள்ள நினைப்பவர்கள் என எல்லோரும் கேட்டவை. அதிக இடத்தை வோல்பாக்கியா என்ற பாக்டீரியாவே பிடித்துக்கொள்ளும். எறும்பைக் கையில் வைத்துக்கொண்டு வருகிறவர்களில் பலரும் தேடுவது அதைத்தான்.

எறும்புக்குள் பாக்டீரியா இருந்தால் அதற்கு நோய் என்று பொருளா?

பெரும்பாலும் இல்லை. நம் குடலில் பாக்டீரியா இருப்பதை நாம் நோய் என்று சொல்வதில்லையே, அதுபோலத்தான். சில எறும்புகளுக்கு அது இல்லாமல் பிழைப்பே ஓடாது. காம்போனோட்டஸ் பேரினத்துக் கட்டெறும்புகளை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றின் நடுக்குடலில் இதற்கென்றே தனிச் செல்கள் உண்டு. அந்தச் செல்களுக்குள் பிளாக்மேனியா என்ற பாக்டீரியா நிரம்பிக் கிடக்கும். ஃபிரீட்ரிக் பிளாக்மேன் என்ற ஜெர்மானிய விலங்கியலாளர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே நுண்ணோக்கியில் இதைப் பார்த்துவிட்டார். பெயரும் அவருடையதுதான். 2003இல் இதன் மரபணுத் தொகுதியை முழுதாகப் படித்தபோது மொத்தமே சுமார் 7 லட்சம் கார இணைகள்தான் (டிஎன்ஏவின் நீளத்தை எண்ண உதவும் எழுத்து ஜோடிகள்) இருந்தன. ஈ.கோலை பாக்டீரியாவுக்கு 46 லட்சம். வெளியில் தனியாகப் பிழைக்கத் தேவையான மரபணுக்களில் பலவற்றை உதறிவிட்டு, எறும்புக்கு வேண்டிய அமினோ அமிலங்களைச் செய்யும் மரபணுக்களை மட்டும் விடாமல் பிடித்து வைத்திருக்கிறது. இருக்க இடம் கொடுத்ததற்குச் சமையல் செய்து போடுகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

எல்லாமே உள்ளே இருப்பவையும் இல்லை. பூஞ்சைத் தோட்டம் போட்டு வாழும் எறும்புகள் பலவற்றின் மேல்தோலில் சூடோநோகார்டியா என்ற பாக்டீரியா வெள்ளைப் பொடி பூசியதுபோல் படர்ந்திருக்கும். தோட்டத்தைத் தாக்கும் இன்னொரு பூஞ்சையை அடக்கும் வேதிப்பொருளை அது சுரக்கிறது. இது வெளிவந்தது 1999இல். அதற்கு முன்பு வரை அந்த வெள்ளைப் பொடியை ஏதோ மெழுகுப் படிவு என்றுதான் நினைத்திருந்தார்கள்.

வோல்பாக்கியா அப்படி என்னதான் செய்கிறது?

1924இல் மார்ஷல் ஹெர்டிக், சிமியன் பர்ட் வோல்பாக் என்ற இருவர் கியூலெக்ஸ் கொசுவின் இனப்பெருக்க உறுப்புகளில் இதைக் கண்டார்கள். 1936இல் ஹெர்டிக் இதற்கு முறையாகப் பெயர் சூட்டினார். அப்புறம் பல பத்தாண்டுகள் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

இது செல்லுக்குள் மட்டுமே வாழும். தாயின் முட்டை வழியாகத்தான் அடுத்த தலைமுறைக்குப் போகும். விந்தணுவில் இதற்கு இடம் கிடையாது. ஆகவே ஆண் பூச்சிக்குள் மாட்டிக்கொண்ட வோல்பாக்கியாவுக்கு அதுவே முட்டுச்சந்து. அதனால் பெண்களின் பக்கம் தராசைச் சாய்க்கப் பல தந்திரங்கள் வைத்திருக்கிறது. சில பூச்சிகளில் ஆண் கருக்களைக் கொல்லும். சிலவற்றில் ஆண்களைப் பெண்களாக மாற்றிவிடும். சில ஒட்டுண்ணிக் குளவிகளில் ஆணே தேவையில்லாமல் பெண் குஞ்சுகள் பிறக்கும். இவற்றைவிடப் பரவலானது இன்னொன்று: தொற்றுள்ள ஆண், தொற்றில்லாத பெண்ணோடு சேர்ந்தால் முட்டைகள் வீணாகிவிடும்.

எறும்பில் கதை கொஞ்சம் சிக்கலாகிறது. கூட்டில் இருப்பதில் பெரும்பாலானவை வேலைக்கார எறும்புகள். அவை பெண்கள்தான், ஆனால் அனேகமாக வாரிசு பெறாதவை. ஆக, வோல்பாக்கியாவுக்கு வேலைக்காரியும் ஒரு முட்டுச்சந்துதான். அப்படியும் ஏராளமான எறும்பு இனங்களில் இது நிலைத்திருக்கிறது. எதைக் கொடுத்து நிலைக்கிறது என்பதற்குப் பல இனங்களில் இன்னும் தெளிவான விடை இல்லை. பாரோ எறும்பு எனப்படும் மோனோமோரியம் ஃபாராவோனிஸ் இனத்தில் தொற்றுள்ள கூடுகள் ஆரம்பப் பருவத்தில் வேகமாக வளர்வதைப் பார்த்திருக்கிறார்கள். அங்கே அது விருந்தாளி மாதிரி நடந்துகொள்வதில்லை, பங்காளி மாதிரி நடந்துகொள்கிறது.

நுண்ணோக்கியில் பார்த்தால் போதாதா? டிஎன்ஏ எதற்கு?

நுண்ணோக்கி உருவத்தைக் காட்டும், பெயரைச் சொல்லாது. குச்சி போலவோ உருண்டையாகவோ இருக்கும் ஆயிரம் பாக்டீரியாக்களில் இது எது என்று உருவத்தை வைத்து முடிவு கட்ட முடியாது. சரி, தட்டில் ஊட்டம் போட்டு வளர்த்துப் பார்க்கலாமா என்றால், வோல்பாக்கியாவும் பிளாக்மேனியாவும் தட்டில் வளரா. உயிருள்ள செல் வேண்டும். அதனால் பாக்டீரியாவை வளர்க்காமல், அதன் டிஎன்ஏவை மட்டும் பெருக்கிப் பார்ப்பதே நடைமுறைக்கு ஒத்து வருகிறது.

எத்தனை எறும்பைப் பிடிக்க வேண்டும்?

இந்தக் கேள்வியை யாரும் முதலில் கேட்பதில்லை. எல்லாம் முடிந்தபின் கேட்பார்கள். அப்போது பதில் சொல்வதற்குத்தான் வருத்தமாக இருக்கும்.

முதல் விஷயம், எறும்பை எண்ணாதீர்கள், கூட்டை எண்ணுங்கள். ஒரே கூட்டிலிருந்து 30 எறும்பு பிடித்தால் அது 30 தனித்தனிச் சான்று இல்லை. ஒற்றை ராணிக் கூடாக இருந்தால் அவை எல்லாமே அக்கா தங்கைகள். ராணிக்குத் தொற்று இருந்தால் அத்தனைக்கும் வந்திருக்கும், இல்லையென்றால் அத்தனைக்கும் இல்லை. 30 எறும்பைச் சோதித்து ஒரு ராணியைப் பற்றித்தான் தெரிந்துகொண்டிருப்பீர்கள்.

இரண்டாவது, கணக்கு. ஓர் இடத்தில் பத்தில் ஒரு கூட்டுக்குத் தொற்று இருக்கிறது என்று வையுங்கள். நீங்கள் 10 கூடுகளைச் சோதிக்கிறீர்கள். ஒன்றுகூட அகப்படாமல் போக வாய்ப்பு எவ்வளவு? 0.9ஐ பத்து முறை பெருக்கிப் பாருங்கள்: சுமார் 35 சதவீதம். மூன்றில் ஒருவர் "இங்கே தொற்று இல்லை" என்று எழுதிவிட்டுப் போவார், அதுவும் தவறாக. 95 சதவீத உறுதியோடு ஒன்றையாவது பிடிக்க வேண்டுமென்றால் 29 கூடுகள் வேண்டும். பாதிக் கூடுகளுக்குத் தொற்று இருந்தால் ஐந்தே போதும். தவறவிட வாய்ப்பு 32இல் ஒன்று. ஆனால் பாதியா பத்தில் ஒன்றா என்று தெரியாமல்தானே தொடங்குகிறோம்?

ஒவ்வொரு கூட்டிலும் மூன்று முதல் ஐந்து எறும்புகளைச் சோதிப்பது நல்லது. ஒன்றில் டிஎன்ஏ கெட்டுப் போனாலும் மற்றது கைகொடுக்கும்.

எந்த எறும்பைப் பிடிப்பது? வேலைக்காரியா, ராணியா?

கைக்குக் கிடைப்பது வேலைக்காரிதான். ராணியைக் கொன்றால் பல இனங்களில் கூடே அழியும், அதனால் ராணியைக் கேட்க மாட்டேன். ஆனால் ஒரு பொறி இருக்கிறது. ஃபார்மிகா ட்ரங்கோரம் என்ற இனத்தில் வேலைக்காரிகள் வளர்ந்தபின் வோல்பாக்கியாவை இழந்துவிடுகின்றன என்று காட்டியிருக்கிறார்கள். கூட்டுப்புழுவில் இருக்கும், வயது வந்த எறும்பில் இருக்காது. அதனால் இரை தேடித் திரியும் கிழட்டு எறும்பை மட்டும் பிடித்துச் சோதித்தால், தொற்றுள்ள கூட்டையே தொற்றில்லாதது என்று எழுதிவிடலாம். முடிந்தால் சில கூட்டுப்புழுக்களையும் சேர்த்து எடுங்கள். பறக்கும் காலத்தில் இறக்கை முளைத்த இளம் ராணிகள் கூட்டு வாசலில் குவியும். அவற்றில் ஒன்றிரண்டை எடுத்தால் கூட்டுக்குச் சேதமில்லை, சோதனைக்கும் அதுவே மிக நல்ல மாதிரி.

பிடித்ததை எப்படி வைத்திருப்பது?

95 சதவீத எத்தனாலில், உயிரோடு நேராகப் போட்டுவிடுங்கள். எறும்பின் அளவுக்கு எத்தனால் தாராளமாக இருக்கட்டும். குழாய் நிறைய எறும்பை அடைத்தால் அவற்றின் உடல்நீர் கலந்து எத்தனால் நீர்த்துவிடும். பின்பு உறையறையில், மைனஸ் 20 டிகிரியில். உறையறை இல்லையென்றால் சாதாரணக் குளிர்பதனப் பெட்டியும் சில வாரங்களுக்குத் தாங்கும். ஃபார்மலினில் மட்டும் போடவே கூடாது, டிஎன்ஏ சிக்கலாகிப் பிரயோசனமில்லாமல் போகும்.

இன்னொன்று: அடையாளச் சீட்டைப் பென்சிலில் எழுதிக் குழாய்க்குள்ளேயே போடுங்கள். எத்தனால் கசிந்து மார்க்கர் எழுத்து கரைந்து ஓடிப்போன குழாய்களை ஒரு பெட்டி நிறைய வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்த நாள் உண்டு. எது எந்தக் கூடு என்று இன்றுவரை தெரியாது.

அரைப்பதற்கு முன் எறும்பைக் கழுவ வேண்டுமா?

என்ன தேடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. வோல்பாக்கியாவுக்கு மட்டுமான சோதனை என்றால் மேலே ஒட்டியிருக்கும் மண் பாக்டீரியாவால் தொல்லை இல்லை. சுத்தமான எத்தனாலிலும் நீரிலும் அலசினால் போதும். உள்ளே உள்ள எல்லா பாக்டீரியாவையும் பட்டியல் போடப் போகிறீர்கள் என்றால் நீர்த்த ப்ளீச்சில் ஒரு நிமிடம் முக்கி, பின்பு கிருமி நீக்கிய நீரில் இரண்டு மூன்று முறை அலசுங்கள். தோலின் மேல் வாழும் பாக்டீரியாவைத் தேடுகிறவர் கழுவவே கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை; ஆனாலும் கழுவிவிட்டு வந்து கேட்டவர்கள் உண்டு.

எறும்பிலிருந்து டிஎன்ஏவை எடுப்பது எப்படி?

சின்ன பிளாஸ்டிக் குழவியால் குழாய்க்குள்ளேயே நசுக்க வேண்டும். பிறகு புரோட்டினேஸ் கே என்ற நொதியைச் சேர்த்து 56 டிகிரியில் சில மணி நேரமோ இரவு முழுவதுமோ வைத்தால் புரதங்கள் செரித்து டிஎன்ஏ வெளியே வரும். அதைச் சிலிக்கா வடிகட்டி உள்ள கிட் மூலம் சுத்தப்படுத்தலாம். செலவைக் குறைக்க நினைத்தால் செலெக்ஸ் என்ற பிசின் மணிகளோடு கொதிக்க வைத்து, மேலே நிற்கும் தெளிந்த நீரை எடுத்துக்கொள்ளலாம். செலெக்ஸ் மலிவு, வேகம். ஆனால் நீண்ட காலம் சேமிக்க அந்த டிஎன்ஏ தோதுப்படாது.

எறும்புக்கே உரிய ஒரு தொல்லை இருக்கிறது. கட்டெறும்பு சேர்ந்த ஃபார்மிசினே துணைக்குடும்பத்து எறும்புகளின் நச்சுப் பையில் ஃபார்மிக் அமிலம் இருக்கும். முழு எறும்பையும் அரைத்தால் அது கலந்து அடுத்த கட்ட வேதிவினையைக் கெடுக்கலாம். வயிற்றுப் பகுதியை வெட்டி எறிந்துவிட்டால் தீர்ந்தது என்று தோன்றும். ஆனால் குடலும் சூலகமும் அங்கேதானே இருக்கின்றன! நாம் தேடும் ஆள் குடியிருக்கும் அறையையே இடித்துவிட்டு ஆளைத் தேடுவதுபோல் ஆகிவிடும். வயிற்றை வைத்துக்கொண்டு, சிலிக்கா வடிகட்டியால் நன்றாகச் சுத்தம் செய்து, கிடைத்த டிஎன்ஏவைப் பத்து மடங்கு நீர்த்தும் ஒருமுறை சோதித்துப் பார்ப்பதுதான் என் வழக்கம். நீர்த்தபின் வினை நன்றாக நடந்தால் முதலில் ஏதோ தடுத்திருக்கிறது என்று அர்த்தம்.

அரிதான இனமாக இருந்து, எறும்பின் உடல் கூடு வேண்டுமென்றால் நசுக்காமலும் செய்யலாம். வயிற்றில் ஊசியால் ஒரு துளை போட்டு நொதிக் கரைசலில் ஊறவிட்டால் உள்ளே உள்ள மென்திசு கரைந்து வரும், மேல் ஓடு அப்படியே மிஞ்சும்.

பிசிஆர் என்றால் என்ன?

டிஎன்ஏவின் குறிப்பிட்ட ஒரு துண்டை மட்டும் நகலெடுத்துக்கொண்டே போகும் முறை. கேரி மல்லிஸ் 1983இல் யோசித்தது. 1993இல் அதற்காக நோபல் பரிசு கிடைத்தது. சுமார் 94 டிகிரிக்குச் சூடாக்கினால் டிஎன்ஏவின் இரண்டு இழைகளும் பிரியும். 55 டிகிரி அளவுக்குக் குளிர்த்தால் பிரைமர் எனப்படும் குட்டி டிஎன்ஏ துண்டுகள் தமக்குப் பொருந்தும் இடத்தில் போய் ஒட்டும். 72 டிகிரியில் டாக் என்ற நொதி அங்கிருந்து நகலெடுக்கும். ஒவ்வொரு சுற்றுக்கும் எண்ணிக்கை இரட்டிக்கும். 30 சுற்று ஒழுங்காக ஓடினால் ஒரே ஒரு துண்டு, கணக்குப்படி 107 கோடி ஆகிவிடும். இந்தப் பெருக்கம்தான் இதன் பலம், இதுவே இதன் தலைவலியும். ஏன் என்று இன்னும் இரண்டு கேள்வி தாண்டிச் சொல்கிறேன்.

எந்தப் பிரைமரை வைத்துத் தேடுவது?

எல்லா பாக்டீரியாவிலும் 16எஸ் என்றொரு மரபணு உண்டு. வோல்பாக்கியாவின் 16எஸ் மரபணுவில் 438 கார இணை நீளத் துண்டைப் பெருக்கும் ஒரு ஜோடி பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கிறது. மாணவர் செய்முறைகளிலும் இதுதான் அதிகம். இன்னொன்று பாக்டீரியாவின் மேற்பரப்புப் புரதத்துக்கான டபிள்யூஎஸ்பி மரபணு. துண்டு சுமார் 600 கார இணை. இந்த மரபணு வேகமாக மாறுவது. அதனால் வகைகளைப் பிரித்துப் பார்க்க உதவும், ஆனால் அதே காரணத்தால் சில வகைகளில் பிரைமர் ஒட்டாமலும் போகும். இரண்டையும் ஓட்டிப் பார்ப்பது பாதுகாப்பு.

இவற்றோடு எறும்பின் சொந்த மைட்டோகாண்ட்ரியா மரபணுவான சிஓஐயையும் கண்டிப்பாக ஓட்ட வேண்டும். அதன் துண்டு சுமார் 700 கார இணை. இது வெறும் சம்பிரதாயம் இல்லை. எடுத்த டிஎன்ஏ உருப்படியாக இருக்கிறதா என்று சொல்லும் ஒரே சாட்சி அதுதான். அதையே வரிசைப்படுத்தினால், அதாவது அதன் எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படித்தால், எறும்பு எந்த இனம் என்பதும் தெரியும்.

ஜெல்லில் தெரியும் பட்டைகளை எப்படிப் படிப்பது?

பிசிஆர் முடிந்த திரவத்தை அகரோஸ் ஜெல்லின் குழிகளில் இட்டு மின்சாரம் கொடுத்தால் டிஎன்ஏ நேர்மின் முனையை நோக்கி ஓடும். சின்னது வேகமாக ஓடும், பெரியது பின்தங்கும். ஒரே நீளத் துண்டுகள் ஓரிடத்தில் சேர்ந்து, சாயம் ஏற்றினால் பட்டையாகத் தெரியும். பக்கத்தில் நீளம் தெரிந்த டிஎன்ஏ துண்டுகளின் ஏணியை ஓடவிட்டு ஒப்பிடுவோம்.

ஒரு ஜெல்லில் எறும்பு மாதிரிகளோடு மூன்று துணை மாதிரிகள் இருக்க வேண்டும்: தொற்று இருப்பது ஏற்கெனவே உறுதியான பூச்சியின் டிஎன்ஏ, எறும்பே போடாமல் டிஎன்ஏ எடுக்கும் வேலையை முழுவதும் செய்த வெற்றுக் குழாய், டிஎன்ஏவுக்குப் பதில் வெறும் நீர். முதலாவதில் பட்டை வர வேண்டும், மற்ற இரண்டிலும் வரவே கூடாது. இந்த மூன்றும் சரியாக இருந்த பிறகுதான் எறும்பின் பக்கம் பார்வையைத் திருப்ப வேண்டும். எறும்பின் சிஓஐ பட்டை இருந்து 438இலும் பட்டை இருந்தால் தொற்று இருக்கலாம். சிஓஐ இருந்து 438 இல்லையென்றால் அந்த எறும்பில் அகப்படவில்லை. சிஓஐயே இல்லையென்றால் அந்த மாதிரியைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள். அது "இல்லை" என்று சொல்லவில்லை, வாயே திறக்கவில்லை.

வெறும் நீரிலும் பட்டை வந்துவிட்டது. என்ன செய்வது?

அந்த நாளின் முடிவுகள் மொத்தத்தையும் குப்பையில் போட வேண்டும். மனசு கேட்காது, ஆனாலும் வேறு வழியில்லை.

ஒருமுறை எனக்கு எல்லா எறும்பிலும் பிரமாதமான பட்டைகள். எந்த இனமும் தப்பவில்லை. பெரிய கண்டுபிடிப்பு என்று குதித்த பிறகுதான் கடைசிக் குழியைப் பார்த்தேன்: நீரிலும் அதே பட்டை, அதே பிரகாசம். ஒரு வாரம் அலைந்து ஒவ்வொரு பொருளாக மாற்றிப் பார்த்ததில் பிரைமர் குழாய்தான் குற்றவாளி. முந்தைய வாரப் பிசிஆர் திரவத்தைத் திறந்த அதே மேசையில், அந்தக் குழாயையும் திறந்து, அதே பிப்பெட்டால் (திரவத்தை உறிஞ்சி அளக்கும் கருவி) எடுத்திருக்கிறேன். கோடிக்கணக்கில் பெருக்கிய துண்டுகளில் ஒரு துளிப் படலம் போதும். அன்றிலிருந்து பிசிஆர் கலவை தயாரிக்கும் இடம் வேறு, ஜெல் ஓட்டும் இடம் வேறு. பிரைமரை மொத்தக் குழாயில் வைத்துக்கொள்ளாமல் சின்னச் சின்னக் குழாய்களில் பிரித்து வைக்கிறேன். கெட்டால் ஒன்றோடு போகும்.

பட்டை வரவில்லை. "இந்த எறும்பில் வோல்பாக்கியா இல்லை" என்று எழுதலாமா?

அவசரப்படாதீர்கள். பட்டை வராமல் போக எத்தனையோ வழிகள்: டிஎன்ஏ குறைவு, அமிலத் தடை, பிரைமர் பொருந்தாத வகை, பாக்டீரியா கண்டறியும் எல்லைக்குக் கீழே இருப்பது, வயதான வேலைக்காரி, கூடுகள் போதாமை. இவற்றில் ஒவ்வொன்றையும் வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்டு அனுப்பிய பிறகே "இல்லை" உள்ளே வரலாம். "இருக்கிறது" என்பதை ஒரே ஒரு நல்ல பட்டையும் அதன் வரிசையும் சொல்லிவிடும். "இல்லை" என்பதற்கு உழைக்க வேண்டும்.

எழுதும்போது "இத்தனை கூடுகளில், கூட்டுக்கு இத்தனை எறும்பில், இந்தப் பிரைமர்களால் கண்டறியப்படவில்லை" என்று எழுதுங்கள். படிப்பவரே கணக்குப் போட்டுக்கொள்வார். தோராயமாகச் சொன்னால், 30 கூடுகளில் ஒன்றிலும் கிடைக்கவில்லை என்றால் உண்மையான தொற்று அளவு 10 சதவீதம் வரைகூட இருக்கலாம். 3ஐக் கூடுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் அந்த மேல் எல்லை கிடைக்கும்.

பட்டை வந்தும் பாக்டீரியா இல்லாமல் இருக்குமா?

இருக்கலாம். எறும்பு தின்ற இரைப் பூச்சிக்குத் தொற்று இருந்தால் அந்த டிஎன்ஏ எறும்பின் குடலில் கிடக்கும். எறும்புக்குள் ஒட்டுண்ணி ஈயின் புழு ஒளிந்திருந்தால் பட்டை அதனுடையதாக இருக்கும். பிடித்த எறும்பை ஒரு நாள் பட்டினி போட்டு எத்தனாலில் இட்டால் முதல் சந்தேகம் கணிசமாகக் குறையும்.

மூன்றாவது வழி வினோதமானது. வோல்பாக்கியாவின் மரபணுக்கள் பூச்சியின் குரோமோசோமுக்குள்ளேயே நுழைந்து தங்கிவிடுவதுண்டு. டிரோசோபிலா அனனாசே என்ற பழ ஈயில் அநேகமாக முழு வோல்பாக்கியா தொகுதியுமே ஈயின் டிஎன்ஏவில் செருகிக்கொண்டிருப்பதை 2007இல் காட்டினார்கள். குடியிருந்தவர் போய்விட்டாலும் அவர் பெயர்ப் பலகை சுவரில் பதிந்தே இருக்கும். பல மரபணுக்களைச் சோதித்தால் இந்த ஏமாற்றத்தைப் பெரும்பாலும் பிடிக்கலாம். இன்னும் உறுதி வேண்டுமென்றால் ஒளிரும் சாயம் ஏற்றிய டிஎன்ஏ துண்டுகளால் சூலகத்தில் பாக்டீரியாவைக் கண்ணாலேயே பார்க்கும் முறை உண்டு. அதற்கு நல்ல நுண்ணோக்கியும் நிறையப் பொறுமையும் வேண்டும்.

பட்டையோடு நிறுத்தலாமா, வரிசைப்படுத்த வேண்டுமா?

குறைந்தது சில மாதிரிகளையாவது வரிசைப்படுத்துங்கள். ஒரு நேரத்தில் ஒரு துண்டைப் படிக்கும் பழைய சாங்கர் முறை போதும். வந்த எழுத்துகளை பிளாஸ்ட் என்ற தேடு கருவியில் இட்டால் ஜென்பேங்க் என்ற பொது டிஎன்ஏ வரிசைத் தொகுப்பில் எதோடு ஒத்துப்போகிறது என்று தெரியும். வகையை நுணுக்கமாகப் பிரிக்க 2006 முதல் ஐந்து மரபணுக்களைச் சேர்த்துப் படிக்கும் முறை நடைமுறையில் இருக்கிறது. வரிசை வரைபடத்தில் ஒரே இடத்தில் இரண்டு உச்சிகள் ஒன்றின் மேல் ஒன்றாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம்; ஒரே எறும்பில் இரண்டு வகை வோல்பாக்கியா குடியிருப்பது சகஜம்.

ஒரே சோதனையில் எல்லா பாக்டீரியாவையும் பார்த்துவிட முடியாதா?

முடியும். எல்லா பாக்டீரியாவுக்கும் பொதுவான பிரைமர்களால் 16எஸ் மரபணுவின் ஒரு பகுதியைப் பெருக்கி, லட்சக்கணக்கான துண்டுகளை ஒரே ஓட்டத்தில் வரிசைப்படுத்தும் முறை இருக்கிறது. பட்டியல் நீளமாக வரும், பார்க்க அழகாகவும் இருக்கும். அந்த அழகில்தான் மயங்கக் கூடாது.

பல எறும்பு இனங்களின் குடலில் பாக்டீரியா மிகச் சொற்பம். மாதிரியில் பாக்டீரியா குறைவாக இருந்தால் கிட்டிலும் நொதியிலும் ஒட்டியிருக்கும் பாக்டீரியா டிஎன்ஏவே பட்டியலை நிரப்பிவிடும். மண்ணிலும் நீரிலும் வாழும் பாக்டீரியாக்கள் எறும்பின் கூட்டாளிகளாக அறிவிக்கப்படும். வெற்றுக் குழாயையும் கூடவே வரிசைப்படுத்தினால்தான் எது எறும்புடையது, எது கிட்டுடையது என்று பிரிக்கலாம். கட்டெறும்பில் இதற்கு நேர் எதிரான பிரச்சினை. கிடைக்கும் துண்டுகளில் பெரும்பங்கை பிளாக்மேனியாவே அள்ளிக்கொள்ளும், ஓரத்தில் இருக்கும் வோல்பாக்கியா கண்ணிலேயே படாமல் போகலாம். ஒரே ஒரு பாக்டீரியாவைப் பற்றித்தான் கேள்வி என்றால் பழைய பிசிஆரும் ஜெல்லும் மலிவு, தெளிவு என்பது என் கட்சி.

எத்தனை எறும்பு இனங்களில் வோல்பாக்கியா இருக்கிறது?

1998இல் இந்தோ ஆஸ்திரேலியப் பகுதியின் 50 எறும்பு இனங்களைச் சோதித்ததில் பாதியில் கிடைத்தது. ஆனால் இனத்துக்கு ஓரிரு எறும்பை மட்டும் பார்த்துச் சொல்லும் எந்த எண்ணிக்கையும் உண்மையைவிடக் குறைவாகத்தான் இருக்கும். பூச்சிகள் மொத்தத்துக்கும் இதே சிக்கல்தான். 2008இல் ஒரு மதிப்பீடு 66 சதவீத இனங்கள் என்றது. 2012இல் தரைவாழ் கணுக்காலிகளுக்கு வந்த இன்னொரு மதிப்பீடு 40 சதவீதம் என்றது.

இதைவிட எனக்குச் சுவையாகப் படுவது குடிபெயர்ந்த எறும்புகளின் கதை. அர்ஜென்டினா எறும்பும், சிவப்பு நெருப்பெறும்பான சொலெனாப்சிஸ் இன்விக்டாவும் தென் அமெரிக்காவைச் சேர்ந்தவை. சொந்த மண்ணில் இரண்டிலும் வோல்பாக்கியா உண்டு. கப்பலேறி வேறு நாடுகளுக்குப் போன கூட்டங்கள் பலவற்றில் அதைக் காணவில்லை. புறப்பட்ட சில ராணிகளுக்குத் தற்செயலாகத் தொற்று இல்லாதிருந்திருக்கலாம், அல்லது புது இடத்தில் அது கழன்று விழுந்திருக்கலாம். பிறந்த ஊரில் எடுத்த முடிவைப் புகுந்த ஊருக்கு அப்படியே பொருத்த முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டாம்.

வோல்பாக்கியாவால் நமக்கு ஆபத்து உண்டா?

கிடையாது. அது மனிதரைத் தொற்றுவதில்லை. எறும்பு கடித்தும் வராது, அரைத்தும் வராது. ஆய்வகத்தில் கவனம் வேண்டியது வேறு பொருட்களில். ஜெல்லுக்குச் சாயமாக எத்திடியம் புரோமைடு பயன்படுத்தினால் அது மரபணு மாற்றத்தைத் தூண்டக்கூடியது, கையுறை இல்லாமல் தொடாதீர்கள். ஆபத்து குறைந்த மாற்றுச் சாயங்கள் இருக்கின்றன. ப்ளீச்சை அமிலத்தோடு கலக்காதீர்கள், எத்தனால் பக்கத்தில் நெருப்பு வேண்டாம்.

எறும்பு பிடிக்க அனுமதி தேவையா?

காப்புக் காடுகளிலும் சரணாலயங்களிலும் கண்டிப்பாகத் தேவை. மாதிரியையோ டிஎன்ஏவையோ நாட்டு எல்லை தாண்டி அனுப்பினால் 2014இல் நடைமுறைக்கு வந்த நகோயா நெறிமுறையும் (உயிரின மரபு வளங்களைப் பயன்படுத்துவது பற்றிய சர்வதேச ஒப்பந்தம்) குறுக்கே வரும். பிடிப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்; பிடித்தபின் அனுமதி வாங்க முடியாது.

மிச்சமான டிஎன்ஏவையும் எறும்பையும் என்ன செய்வது?

எறியாதீர்கள். அரைத்த எறும்பின் கூட்டிலிருந்தே பிடித்த இரண்டு மூன்று எறும்புகளை முழுதாக, சீட்டோடு, எத்தனாலில் வைத்திருங்கள். இனத்தைத் தவறாகச் சொல்லியிருந்தால் பின்னால் ஒரு எறும்பியலாளர் அதைப் பார்த்துத் திருத்துவார். டிஎன்ஏவைச் சிறு சிறு பங்காக உறையறையில் போடுங்கள், குறிப்பாகப் பட்டை வராத மாதிரிகளை. டபிள்யூஎஸ்பி பிரைமரில் ஒன்றும் காட்டாத ஒரு கூட்டின் டிஎன்ஏ என்னிடம் இரண்டு வருடம் உறைந்து கிடந்தது. 16எஸ் பிரைமர் வந்தபின் சும்மா ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். 438இல் பட்டை, ஐந்து எறும்பிலும். நீர்க் குழி சுத்தமாக இருந்தது.